பழைய இரட்டைக்குழல் துவக்கு திறக்க இறுகினால்: முதன்முறை பார்ப்பவர்களுக்கு

மூத்தப்பா காலத்து இரட்டைக்குழல் துவக்கு லைசன்ஸோடு உங்கள் பெயருக்கு மாறி வந்திருக்கிறது. மேல் லீவரைத் தள்ளினால் அது போகிறது, குழல் மட்டும் கீழே மடிந்து விழமாட்டேன் என்கிறது. மட்டக்களப்புப் படுவான்கரையில் யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும்: “எண்ணெய் விடு”, இல்லாவிட்டால் “முழங்காலில் வைத்து ஒரு அழுத்து அழுத்து”. இரண்டாவதை மறந்துவிடுங்கள். பிணைச்சல் தளரும், அல்லது பிடங்கின், அதாவது பின்பக்க மரத்தின், கழுத்து வெடிக்கும். எண்ணெய் சில வேளை கைகொடுக்கும். ஆனால் எங்கே இறுகுகிறது என்று பாராமல் விட்ட எண்ணெய் மரத்துக்குள் ஊறி, கழுத்தைப் பழுதாக்கும்.

தொடங்க முதல்

திறக்காத துவக்கு என்றால் உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வேண்டாம். வெளியே, வாய் மண்மேட்டைப் பார்க்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது. குழலின் வாய்க்குள் கம்பி விட்டுப் பார்ப்பதும், கண்ணை வைத்துப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். தோட்டா இருப்பதாகச் சந்தேகம், லீவரும் அசையவில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. துவக்கு திருத்தத் தெரிந்தவரை அது இருக்கும் இடத்துக்கே அழையுங்கள்.

குதிரை வெளியே இருக்கிறதா?

குதிரை என்பது ஊசியை அடிக்கும் சுத்தியல் போன்ற பாகம். வெளிக்குதிரைத் துவக்கு என்றால் முதலில் குதிரைகளைப் பாருங்கள். மிகப் பழையவற்றில் சுட்ட பிறகு குதிரை அப்படியே ஊசியின் மேல் படுத்திருக்கும். ஊசி தோட்டாவின் கெப்பில் (அடியின் நடுவில், அடிபட்டதும் தீப்பிடிக்கும் சிறு மூடியில்) குத்திக்கொண்டு நிற்பதால் குழல் விழாது. பெருவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுங்கள். ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும் இடம் அரைநிலை. இரண்டையும் அங்கே நிறுத்திவிட்டு லீவரைத் தள்ளினால், பழுது என்று நினைத்த துவக்குகள் பல சும்மா திறந்துவிடும். விரல் வழுகினால் ஆபத்து, எண்ணெய்க் கையோடு இதைச் செய்யாதீர்கள்.

1867இல் ஸ்டான்டன் என்பவர் காப்புரிமை பெற்ற பூட்டு (குதிரையை இயக்கும் உள்பொறி) வந்த பிறகு, குதிரை அடித்ததும் தானாகவே பின்னுக்கு வந்து நிற்கும். உங்களுடையது அந்த வகையாக இருந்தும் குதிரை பின்னுக்கு வராவிட்டால் உள்ளே வில் களைத்திருக்கிறது, அல்லது அழுக்கு அடைத்திருக்கிறது.

குதிரை உள்ளே இருந்தால்

இந்த வகையில்தான் எல்லோரும் குழம்புவது. 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலேயத் துவக்கு நிறுவனத்தில் வேலைசெய்த அன்சன், டீலி இருவரும் கொண்டுவந்த முறையில், குழலை விழுத்தும்போதே உள்ளே குதிரைகள் ஏறும். வில்லை அமுக்குவது உங்கள் கைப்பலம்தான். ஆகவே இரண்டு குழலும் சுட்ட பிறகு திறக்கக் கனமாக இருப்பது பழுதல்ல, அதன் இயல்பு.

அப்படியென்றால் பழுதை எப்படிப் பிரித்தறிவது? துவக்கை ஒருமுறை திறந்து, வெறுமை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, மூடுங்கள். இப்போது குதிரைகள் ஏறியிருக்கின்றன. விசையைத் தொடாமல் மறுபடி திறந்து பாருங்கள். இப்போது இலகு என்றால் முன்னைய கனம் வில்லுடையது. இப்போதும் இறுக்கம் என்றால் வேறெங்கோ உரசுகிறது.

உரசும் இடத்தைச் சுருக்க, மூடிய வெறும் துவக்கின் முன்கட்டையை (குழலுக்குக் கீழே கை பிடிக்கும் மரத்தை) கழற்றுங்கள். குழலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு லீவரைத் தள்ளுங்கள், தாங்காவிட்டால் குழல் கழன்று காலில் விழும். முன்கட்டை இல்லாமல் இலகுவாக விழுந்தால் கோளாறு முன்கட்டை இரும்பின் வளைவில். அப்போதும் இறுகினால் பிணைச்சலில், குழலை மூடிப் பிடித்துவைக்கும் பூட்டுநாக்கில், அல்லது பின்னுக்குப் போகாத ஊசியில். குதிரை ஏறாத நிலையில் மட்டும் கழற்றாதீர்கள், திரும்பப் பூட்டுவதற்குள் பெரும் பாடாகிவிடும்.

வெற்றுத் தோட்டாவைப் படியுங்கள்

வெறுமையாக இருக்கும்போது நன்றாகத் திறக்கிறது, சுட்ட பிறகுதான் பிடிக்கிறது என்றால், சுட்ட தோட்டாவின் கெப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி பட்ட குழி வட்டமாக இருக்க வேண்டும். குழியிலிருந்து ஓரத்தை நோக்கி வால்போல ஒரு கீறல் இழுபட்டிருந்தால், திறக்கும்போது ஊசி இன்னும் கெப்புக்குள் நின்றிருக்கிறது. ஊசி முறிந்திருக்கலாம், அதன் துவாரத்தில் பழைய எண்ணெய் பசையாக உறைந்திருக்கலாம். கீறல் எந்தக் குழலின் தோட்டாவில் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கீறல் இல்லையா? அப்படியானால் தோட்டாவையே சந்தேகியுங்கள். குழலைக் கழற்றி மேசையில் வைத்து, புதுத் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். தன் பாரத்திலேயே உள்ளே போய், சரித்ததும் வெளியே வரவேண்டும். மாரியில் வட்டைப் (வயல்வெளிப்) பரணில் பொலித்தீன் பையில் கட்டித் தொங்கவிட்ட கடதாசித் தோட்டா ஈரம் குடித்து ஊதியிருக்கும்.

இன்னொன்று நீளம். குழலின் அடித்தட்டையில் 2½ (அங்குலம்) என்று பொறித்திருந்தால் அது 65 மி.மீ. தோட்டாவுக்கான அறை. 70 மி.மீ. தோட்டா அதற்குள் போகாது என்று நினைக்காதீர்கள், போகும். ஏனென்றால் தோட்டாவில் எழுதியிருப்பது சுட்டு, அதன் வாய்மடிப்பு விரிந்த பிறகான நீளம். விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும், திறப்பதும் இறுகும். இங்கே இறுக்கம் சின்னப் பிரச்சினை, குழல்தான் பெரிய பிரச்சினை. அந்தத் தோட்டாவை உடனே நிறுத்துங்கள்.

துப்புரவு

பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், பருத்தித்துணி போதும். குழலின் கீழ்க் கொளுவி, அது மாட்டும் உருளை, பூட்டுநாக்கு பிடிக்கும் வெட்டுகள், தோட்டாவைத் தள்ளும் தகட்டின் அடி எல்லாவற்றையும் துணி கறுக்காமல் வரும்வரை துடையுங்கள். லீவரே கனமாக இருந்தால் அதன் அடியில் ஒரு துளி துருநீக்கி எண்ணெய் விட்டு, இரவு முழுக்க வாய் கீழே பார்க்கும்படி துணியின்மேல் நிறுத்துங்கள். மிச்ச எண்ணெய் மரத்துக்குப் போகாமல் வாய்ப்பக்கம் இறங்கும். கடைசியில் கொளுவியில் மட்டும் மெல்லிய கிறீஸ். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாட்பட அதுவே பசையாகிவிடும்.

இன்னும் உரசினால் குப்பிவிளக்குப் புகையைக் கொளுவியில் மெல்லியதாகப் பிடித்து, மெதுவாக மூடித் திறவுங்கள். கரி தேய்ந்து பளபளக்கும் இடந்தான் உரசும் இடம். பார்த்ததும் அரம் எடுக்கக் கை துடிக்கும், எடுக்காதீர்கள். ஒரு தலைமயிரளவு கூடத் தேய்த்தால் குழலுக்கும் அதன் பின்னால் மூடும் இரும்பு முகத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரியத் தொடங்கும். அதை மறுபடி இறுக்குவது பெரிய வேலை, பெரிய செலவு. பூட்டின் திருகாணிகளையும் தொடவேண்டாம். அவற்றின் வெட்டு மிக மெல்லியது, கடைத் திருப்புளி அதைக் கிழித்துவிடும்.

திருத்துபவரிடம் போவதானால் கரிபிடித்த கொளுவியைத் துடைக்காமல் கொண்டுபோங்கள், கீறல் விழுந்த வெற்றுத் தோட்டாக்களையும் எந்தக் குழல் என்று எழுதிக் கொடுங்கள். அவரிடம் அனுமதி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் லைசன்ஸ் அந்த வருடத்துக்குப் புதுப்பித்ததாக இருக்கட்டும், வழியில் பொலிஸ் மறித்தால் முதலில் கேட்பது அதைத்தான்.