குதிரைக்கு எந்த மூடை?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட மாட்டுத்தீனும் கோழித்தீனும் விற்கிற கடை என்னுடையது. குதிரைத்தீன் எப்போதும் இருப்பில் இராது. யாராவது சொல்லிவைத்தால் கொழும்பிலிருந்து வரும் லொறியில் எடுப்பித்துக் கொடுப்பேன். அப்படியிருந்தும் குதிரைக்காரர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கலியாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்கு விடுகிற பெடியள் ஒரு பக்கம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு மட்டக்குதிரையை வாங்கிக் கட்டிவிட்டு, இனி என்ன செய்வதென்று முழிக்கிற தகப்பன்மார் மற்றப் பக்கம். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, எந்த மூடை நல்லது?"

நான் திருப்பிக் கேட்பேன்: குதிரை எத்தனை கிலோ? ஒரு நாளைக்கு எவ்வளவு புல்லுப் போடுகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் மூடையைப் பற்றிக் கதைத்துப் பிரயோசனம் இல்லை.

நிறை பார்க்கத் தராசு தேவையில்லை, தையல்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், முதுகு உயர்ந்து நிற்கும் இடத்தோடு சேர்த்து நெஞ்சைச் சுற்றி அளவுங்கள். குதிரை மூச்சை விட்ட நேரத்தில் எடுக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து பின்பக்கத்து எலும்பு முனைவரை நீளம். இரண்டும் சென்ரிமீற்றரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 150, நீளம் 155 என்றால் ஏறக்குறைய 290 கிலோ. இந்தப் பக்கம் நான் பார்க்கிற மட்டக்குதிரைகள் பல இந்த அளவுதான். ஆகவே கீழே வரும் கணக்கெல்லாம் 290 கிலோவுக்கே.

இனிப் புல்லு. குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது உடல் நிறையின் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நார்த்தீன் போக வேண்டும், அதுவும் ஈரத்தைக் கழித்துவிட்டு. நம் குதிரைக்கு அது நாலரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். எனவே வெட்டிப் போடுகிற கோ-3 புல்லு என்றால் 22 கிலோ. "22 கிலோவா?" என்று வாயைப் பிளக்கிறவர்கள்தான் அதிகம். காலையில் ஒரு கட்டு, பின்னேரம் ஒரு கட்டுப் போட்டுவிட்டு மிச்சத்தை மூடையால் நிரப்பலாம் என்று நினைக்கிறார்கள். நிரப்ப முடியாது. குதிரையின் இரைப்பை சின்னது, 8 முதல் 15 லீற்றர்தான் கொள்ளும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று ஆன உடம்பு அது. அமிலம் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிறாக நிறுத்தினால் புண் வரும். மாடு மாதிரி அசைபோடாது, வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. பிழையான தீன் உள்ளே போனால் போனதுதான்.

நெடுந்தீவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயம் இடிந்து கிடக்கிறது, வெளியே குதிரைகள் திரிகின்றன. அவற்றுக்கு மூடை அவிழ்க்க ஆளில்லை, தரவையில் கிடைக்கிற புல்லில்தான் சீவியம். வேலை இல்லாத, நடுத்தர வயதுக் குதிரைக்கு நல்ல புல்லும் உப்பும் தாதுச் சத்தும் இருந்தால் பெரும்பாலும் மூடையே வேண்டாம். இதைச் சொன்னால் என் வியாபாரம் கெடும். பரவாயில்லை.

குழை ஒடிக்கிறவர்களுக்கு ஒன்று: ஆட்டுக்குப் போடுகிற கிளிசரியாவைக் குதிரைக்குப் போடாதீர்கள், அது நஞ்சு. இப்பிலிப்பில் குழையைத் தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். ஊர்வலக் குதிரைக்கு வால் இல்லாவிட்டால் யார் கூப்பிடப் போகிறார்கள்?

அடுத்து, என் கடையில் அடுக்கியிருக்கிற மூடைகள். வாங்க வருபவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகக் கதைப்பது இந்த இடத்தில்தான். கோழித்தீனைக் குதிரைக்குக் கொடுக்கவே கூடாது. மாட்டுத்தீனும் அப்படித்தான். விலை குறைவு, புரதம் கூட, குதிரையும் ஆசையாகத் தின்னும். ஆனால் இறைச்சிக் கோழித்தீனில் கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமல் இருக்க மருந்து கலப்பார்கள். மொனென்சின், சலினோமைசின் போன்ற பெயர்கள் பையின் சீட்டில் இருக்கும். சில மாட்டுத்தீனிலும் மொனென்சின் உண்டு. கோழியும் மாடும் தாங்கும், குதிரை தாங்காது. சலினோமைசின் கிலோ உடல் நிறைக்கு 0.6 மில்லிகிராம் அளவிலேயே குதிரையைக் கொல்லக்கூடியது. கோழித்தீனில் அதைக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் அளவில் கலப்பார்கள். நம் 290 கிலோக் குதிரைக்குக் கணக்குப் போட்டால் மூன்று கிலோத் தீன்கூட வேண்டியதில்லை. அவிழ்ந்து கிடக்கிற மூடைக்குள் ஓர் இரவு தலையை விட்டால் முடிந்தது.

தீனை மறுப்பது, வியர்த்துக் கொட்டுவது, வயிற்று வலி, பின்னங்கால் தள்ளாடுவது, சிறுநீர் கறுப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். மாற்று மருந்து கிடையாது. தப்பிப் பிழைத்தாலும் இதயத் தசை பழுதாகியிருக்கும். மாதங்கள் கழித்து ஓடுகிற நேரத்தில் விழுந்து செத்துப்போகலாம். ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் அந்த நிமிடமே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள், பையின் சீட்டையும் எடுத்து வையுங்கள்.

இதே காரணத்தால்தான் குதிரைத்தீனைச் சில்லறையாக நிறுத்து வாங்க வேண்டாம் என்கிறேன். கோழித்தீன் அள்ளிய அதே கோப்பையால்தான் மற்றதையும் அள்ளுவார்கள். தைத்த மூடையாக வாங்குங்கள். உள்ளூர் ஆலையில் "குதிரைக்கென்று அரைத்துத் தருகிறோம்" என்றால், அதே இயந்திரத்தில் கோழித்தீன் அரைக்கிறார்களா என்று கேளுங்கள். ஓம் என்றால் வந்துவிடுங்கள்.

தவிட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் மிருகம் என்றால் தவிடு. குதிரைக்கும் கை அப்படியே தவிட்டு வாளிக்குப் போகும். அரிசித் தவிட்டில் பொசுபரசு நிறைய, கல்சியம் சொற்பம். பொசுபரசு கல்சியத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். குதிரைக்கு வேண்டியது நேர் எதிர்: கல்சியம் பொசுபரசுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், இரண்டு மடங்குவரை இருந்தால் நல்லது. கணக்குத் தலைகீழானால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். தாடையும் முகமும் வீங்கும், பல் ஆடும், காலை இழுத்து இழுத்து நடக்கும். போதாக்குறைக்கு, கோ-3, கினிப் புல்லு போன்றவற்றில் இருக்கிற ஒக்சலேற்று, புல்லிலுள்ள கல்சியத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைக்கும். நாங்கள் போடுவது கோ-3, மேலே தவிடு. இரண்டு பக்கமும் அடி.

"எங்கட கிணற்றுத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்புதானே அண்ணை" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியம் என்று வைத்துக்கொண்டாலும், 20 லீற்றர் குடித்தால் 2 கிராம். இந்த நிறைக் குதிரைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 12 கிராம் அளவில். தண்ணீரை நம்ப முடியாது. தவிடு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். தீனில் கலக்கிற சுண்ணாம்புக்கல் மாவை எவ்வளவு சேர்ப்பது என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைச் சொல்லவில்லை!

கொள்ளு? "கொள்ளென்றால் வாய் திறக்கும்" என்று பழமொழியே இருக்கிறது, குதிரையும் திறக்கத்தான் செய்யும். ஊறவைத்து அவித்துக் கொஞ்சம் கொடுக்கலாம், புரதம் நல்லாக இருக்கும். ஆனால் கொள்ளு மட்டும் முழுத் தீன் ஆகாது. அதில் இல்லாத தாதுக்களும் விற்றமின்களும் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

சரி, இனி உண்மையான குதிரைத்தீன் மூடை. முன்பக்கத்தில் பாய்கிற குதிரைப் படத்தை விடுங்கள். தையல் ஓரத்தில் ஒரு சீட்டுத் தொங்கும், அல்லது பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும். எல்லோரும் முதலில் பார்ப்பது புரதம், கூடக் கூட நல்லது என்று நினைப்பு. வளர்ந்த குதிரைக்கு, இலேசான வேலைக்கு, 10 முதல் 12 வீதம் தாராளம். பால் கொடுக்கிற பெட்டைக் குதிரைக்கும் வளர்கிற குட்டிக்கும்தான் 14, 16 வேண்டும். மிஞ்சிய புரதம் சிறுநீராகப் போய்க் கொட்டிலில் நாறும், உங்கள் காசும் அதோடு போகும்.

நான் முதலில் பார்ப்பது நார், சீட்டில் 'குரூட் பைபர்' என்று இருக்கும். 8 வீதத்துக்குக் கீழே என்றால் அது பெரும்பாலும் தானியம்: சோளம், பார்லி, ஓட்ஸ். 15க்கு மேலே என்றால் நார்த்தீனை அடிப்படையாக வைத்துச் செய்தது. வாரக் கடைசியில் ஊர்வலம் போய் மற்ற நாட்களில் நிற்கிற குதிரைக்கு இரண்டாவதுதான் சரி. தானியத்தின் மாச்சத்து ஒரே நேரத்தில் அதிகமானால் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அதிலிருந்துதான் வயிற்று வலி, குளம்பு அழற்சி எல்லாம். ஒரு வேளைக்குக் கிலோ உடல் நிறைக்கு ஒரு கிராம் மாச்சத்துக்குள் நிறுத்துவது பாதுகாப்பு. நம் குதிரைக்கு 290 கிராம். முப்பது வீதம் மாச்சத்துள்ள தீன் என்றால் ஒரு வேளைக்கு ஒரு கிலோதான். ஊர்வலத்தில் துள்ளுகிறது, வெடிச் சத்தத்துக்கு மிரளுகிறது என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான்: வாளிக்குள் எவ்வளவு சோளம் போகிறது?

பிறகு கல்சியமும் பொசுபரசும். இரண்டு எண்ணும் சீட்டில் இருக்க வேண்டும், கல்சியம் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாத மூடையை நான் எடுப்பிப்பதில்லை.

அதன் கீழே ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். இதை யாரும் வாசிப்பதில்லை. மூன்று கிலோ கொடுத்தால்தான் விற்றமினும் தாதும் முழுமையாகச் சேரும் என்று செய்த தீனில், கொழுத்துவிடும் என்று பயந்து ஒரு கோப்பை மட்டும் போட்டால், மூன்று கிலோவுக்கான சத்தில் ஒரு கோப்பை அளவுதான் கிடைக்கும். உங்கள் குதிரை இலேசில் கொழுக்கிற சாதி என்றால் (மட்டக்குதிரைகள் அநேகமாக அப்படித்தான்) அந்த மூடை வேண்டாம். பலன்சர் என்று ஒன்று இருக்கிறது. மாவும் சீனியும் குறைவு, தாதும் விற்றமினும் செறிவு, ஒரு நாளைக்குச் சில நூறு கிராம் போதும். மூடை விலை அதிகம்தான், ஆனால் எத்தனை நாளைக்கு வருகிறது என்று வகுத்துப் பாருங்கள்.

கொழுப்பா மெலிவா என்பதைக் கண்ணால் பார்க்காமல் கையால் பாருங்கள். விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், தள்ளி நின்று பார்த்தால் தெரியக்கூடாது. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் தீனைக் குறையுங்கள். கோயில் வீதியில் ஆளாளுக்கு வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் ஊட்டுகிறார்களே, அதையும் கணக்கில் சேருங்கள்.

வெல்லப்பாகு பிசைந்த தீன் வாசமாக இருக்கும், குதிரை விழுந்து விழுந்து தின்னும். நம்மூர் வெக்கைக்கும் மாரி ஈரத்துக்கும் அது சரிவராது. கட்டிப்படும், பூஞ்சணம் பிடிக்கும். குளிகை குளிகையாக அழுத்திச் செய்த தீனை வாங்குங்கள். மூடை அவிழ்த்ததும் கையை முழங்கைவரை நடுவுக்குள் விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, புளித்த மணம் வந்தாலோ அப்படியே திருப்பிக் கொண்டுவாருங்கள், நான் மாற்றித் தருவேன். செய்த திகதியைப் பார்த்து, மூன்று மாதத்துக்குள் முடிகிற அளவே வாங்குங்கள். நிலத்தில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், எலிக்கு மூடியுள்ள பீப்பா நல்லது.

உப்பு எந்த மூடையிலும் போதாது. குதிரை நம்மைப் போல வியர்க்கிற மிருகம். ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆனையிறவு உப்பு, வெயிலில் வேலை செய்த நாளில் இன்னும் ஒன்று. தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

புதுத் தீனுக்கு மாறும்போது ஏழு முதல் பத்து நாள் எடுங்கள். முதலில் காற்பங்கு புதுசு, முக்காற்பங்கு பழசு, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். சாணம் இளகினால் அந்த அளவிலேயே இரண்டு நாள் நில்லுங்கள். லொறி வரப் பிந்தி மூடை முடிந்துவிட்டால் பதறிப்போய் மாட்டுத்தீன் வாங்க வேண்டாம். ஒரு கிழமை புல்லோடும் உப்போடும் இருந்தால் குதிரைக்கு ஒன்றும் ஆகாது, வேலையை மட்டும் குறையுங்கள். மூடை வந்த அன்றைக்கே பழைய அளவைக் கொட்டாமல், மறுபடி காற்பங்கிலிருந்து தொடங்குங்கள்.