மோர் மிளகாய்க்கு ஏற்ற வெயில் இது

சித்திரை வெயிலைத் திட்டிக்கொண்டே இருப்பதற்குப் பதில் அரை கிலோ மோர் மிளகாய் போட்டுவிடலாம். குண்டு மிளகாயாகப் பார்த்து வாங்குங்கள். காம்பைக் கிள்ள வேண்டாம், நுனிப் பக்கம் லேசாகக் கீறினால் போதும். நன்றாகப் புளித்த கெட்டி மோர் அரை லிட்டர், உப்பு கொஞ்சம் தூக்கலாக. மோர் புளிக்காவிட்டால் ருசியே ஏறாது. அலுமினியப் பாத்திரம் புளிப்புக்கு ஆகாது. பீங்கான் ஜாடிதான் சரி.

இரண்டு நாள் ஊறியதும் மிளகாயை மட்டும் எடுத்து மொட்டைமாடியில் காயவையுங்கள். சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடுங்கள். மோர் முழுக்க வற்றும்வரை தினமும் இதே வேலை. பிறகு கலகலவென்று சத்தம் வரும்வரை காயட்டும். காக்காய்க்காகப் பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைப்பேன். அணில் அதற்கெல்லாம் மசியாது.