கலைத்துறை வாசிப்பறையை முதன்முறை பயன்படுத்துவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

மைய நூலகம் ஒன்று இருக்கும்போதே பல்கலைக்கழகத்தின் கலைத்துறை தனக்கென ஒரு வாசிப்பறையை வைத்திருப்பது ஆடம்பரத்துக்காக அன்று. அங்குள்ள நூல்கள் படிப்பதற்கு மட்டுமின்றிப் பார்ப்பதற்கும் உரியவை. அவற்றுள் பல சாதாரண அலமாரியில் நிற்காத அளவுக்குப் பெரியவை. ஒரு கண்காட்சிக்காகச் சில நூறு படிகள் மட்டும் அச்சிடப்பட்டு, மறுபதிப்பே காணாத கேட்லாக்குகளும் (காட்டப்பட்ட படைப்புகளை விவரிக்கும் நூல்கள்) அவற்றில் உண்டு. அதனால் பெரும்பாலான நூல்களை வெளியே எடுத்துச்செல்ல விடமாட்டார்கள். அங்கேயே அமர்ந்துதான் பார்க்க வேண்டும்.

படி 1: கேள்வியோடு செல்லுங்கள்

"நீர்வண்ண ஓவியங்களைப் பார்க்க வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "நீர்வண்ணத்தில் வெண்மையை எப்படிக் காட்டினார்கள், தாளை அப்படியே விட்டுவைத்தார்களா, அல்லது வெள்ளை நிறத்தை மேலே பூசினார்களா?" என்பது கேள்வி. இப்படி ஒன்று கையில் இருந்தால், நூலகரால் உங்களுக்கு உதவ முடியும். எந்தப் பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதும் உங்களுக்கே புலப்படும்.

படி 2: நூலகத்தின் நூற்பட்டியலில் தேடுங்கள்

ஓவியர் ஒருவரைப் பற்றிய நூலை ஆசிரியர் என்ற கட்டத்தில் தேடுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. ஓவியர் அந்த நூலின் பொருள். ஆசிரியராக இருப்பவர் வேறொருவர், அல்லது ஓர் அருங்காட்சியகம். ஆகவே பொருள் என்ற கட்டத்தில் தேடுங்கள். பெயர்களிலும் சிக்கல் உண்டு. எல் கிரேக்கோவின் இயற்பெயர் வேறு. ஹொக்குசாய் தம் வாழ்நாளில் பலமுறை பெயர் மாற்றிக்கொண்டவர். கெட்டி ஆய்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் கலைஞர் பெயர்த் தொகுப்பில் ஒரே கலைஞரின் மாற்றுப் பெயர்கள் ஓரிடத்தில் கிடைக்கும். தேடுவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பட்டியலில் நூல் கிடைத்ததும் அதன் அழைப்பெண்ணை, அதாவது அலமாரியில் அதன் இடத்தைக் காட்டும் எண்ணை, முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். எண்ணுக்கு முன்னால் பெரிய அளவு நூல் என்பதற்கான குறி இருந்தால் அதையும் விடக்கூடாது, ஏனெனில் அந்த நூல் தனி அலமாரியில் படுக்கைவாட்டில் இருக்கும்.

படி 3: அலமாரிக்குச் செல்லுங்கள்

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையைப் பின்பற்றும் அறைகளில் கலைகள் 700-இல் தொடங்கும்: கட்டடக்கலை 720, சிற்பம் 730, வரைகலை 740, ஓவியம் 750, அச்சுப்படம் 760, புகைப்படம் 770. எழுத்துகளால் வகைப்படுத்தும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையாக இருந்தால் என் (N) என்னும் எழுத்தில் தொடங்கும். என்பி (NB) சிற்பம், என்டி (ND) ஓவியம், ஆனால் புகைப்படம் மட்டும் தொழில்நுட்பப் பிரிவில் டிஆர் (TR) என்று போய்விடும். ஒருவரே ஓவியராகவும் சிற்பியாகவும் இருந்திருந்தால் அவரைப் பற்றிய நூல்கள் இரண்டு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கலாம் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

படி 4: நூலைக் கையாளும் முறை

நூல் முதுகின் மேல்முனையில் விரலைக் கொக்கி போல மாட்டி இழுக்கக்கூடாது. இருபுறமும் உள்ள நூல்களைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடு முதுகைப் பிடித்து எடுக்க வேண்டும். வெள்ளைக் கையுறை அணியும் காட்சி திரைப்படங்களுக்கே பொருந்தும். கையுறை விரலின் உணர்வைக் குறைத்துத் தாளைக் கிழித்துவிடும் என்பதால், நூல்களுக்குக் கழுவி நன்றாக உலர்த்திய வெறுங்கையே போதும். அசல் புகைப்படங்களுக்குத்தான் கையுறை தருவார்கள். கனமான நூலை முழுவதும் விரித்து மேசையில் அழுத்தாமல், ஆப்பு வடிவ நுரைத்தாங்கிகளைக் கேட்டு வாங்கி, அட்டைகளுக்கு அடியில் வையுங்கள்.

தண்ணீர் பாட்டிலைத் தடுப்பதற்கும் காரணம் உண்டு. ஓவிய நூல்கள் பெரும்பாலும் ஆர்ட் பேப்பரில் அச்சாகின்றன. அதன் மேற்பூச்சு நனைந்து அப்படியே உலர்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். பிரித்தால் படம் உரிந்து வரும்.

பென்சில் மட்டுமே அனுமதி என்பது அனைவருக்கும் தெரியும். ஆனால் நான் மாணவனாக இருந்தபோது, திறந்திருந்த படத்தின் மேலேயே துண்டுத்தாளை வைத்துப் பென்சிலால் குறிப்பெழுதினேன். தாளை எடுத்த பிறகு, பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தபோது, என் கையெழுத்து ஒரு வானத்தின் நீலத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. இன்றும் அது அங்கேயே இருக்கும்.

படி 5: பின்னாலிருந்து பாருங்கள்

என் அனுபவத்தில், கண்காட்சிக் கேட்லாக்கின் மதிப்பு அதன் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கிறது. முன்னுரைகள் பெரும்பாலும் மரியாதைக்காக எழுதப்பட்டவை. பின்னால் உள்ள பதிவுகளில் ஒவ்வொரு படைப்பின் ஆண்டு, ஊடகம் (நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா என்பது போன்றவை), அளவு, கைமாறிய வரலாறு, முன்பு காட்டப்பட்ட இடங்கள் ஆகியவை கிடைக்கும். ஒரு கலைஞரின் படைப்புகள் அனைத்தையும் இவ்வாறு எண்ணிட்டு விவரிக்கும் முழுப்பட்டியலைக் கேட்லாக் ரேசோனே என்பார்கள். பிக்காசோவுக்குக் கிறிஸ்டியன் செர்வோஸ் தொடங்கிய அத்தகைய பட்டியல் 1932 முதல் 1978 வரை 33 தொகுதிகளாக வெளிவந்தது.

அளவைப் படிக்கும்போது முதல் எண் உயரம், இரண்டாவது அகலம். இதை விட்டுவிட்டால் அச்சுப்பக்கம் உங்களை ஏமாற்றும். டாலியின் உருகும் கடிகார ஓவியம் 24 × 33 செ.மீ. மட்டுமே; பிக்காசோவின் குவெர்னிகா ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் கொண்டது. நூலில் இரண்டும் ஒரே அகலத்தில் அச்சாகியிருக்கலாம்.

நிறத்தையும் ஒரே நூலை நம்பி முடிவுசெய்யாதீர்கள். ஒரே ஓவியம் உள்ள மூன்று நூல்களை அருகருகே விரித்துப் பாருங்கள்: ஒன்றில் தோல் மஞ்சளாகவும், மற்றொன்றில் சிவப்பேறியும், மூன்றாவதில் ஓரம் ஒரு விரற்கடை வெட்டப்பட்டும் இருக்கும். இத்தகைய ஒப்பீட்டை இவ்வளவு எளிதாகச் செய்ய முடிவது இந்த அறையில்தான்.

படி 6: குறிப்பெடுத்துக் கிளம்புங்கள்

ஒளிப்படம் எடுக்க அனுமதி கேளுங்கள், ஃப்ளாஷ் கூடாது. முதலில் தலைப்புப் பக்கத்தையும் பிறகு படத்தையும் எடுத்தால், ஒரு மாதம் கழித்து எந்த நூல் என்று திணற வேண்டியதில்லை. பார்த்து முடித்த நூல்களை நீங்களே அலமாரியில் திருப்பி வைக்காதீர்கள். இடம் மாறிய நூல் அடுத்தவருக்குத் தொலைந்த நூல்தான். வாசலருகே உள்ள தள்ளுவண்டியில் முதுகு தெரியும்படி வைத்துவிட்டுச் செல்லுங்கள்.