போர்க் கதைப்பாடலில் போரை மறுக்கும் குரலைக் கண்டறிவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதையொட்டிய கேரள எல்லை ஊர்களிலும் வளர்ந்தவர்களுக்கு ‘இரவிக்குட்டிப் பிள்ளை போர்’ என்ற கதைப்பாடலின் பெயராவது தெரிந்திருக்கும். மதுரைத் திருமலை நாயக்கரின் (1623–1659) படைக்கும், பின்னாளில் திருவிதாங்கூர் எனப்பட்ட வேணாட்டின் படைக்கும் இடையே நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் நடந்த போரையும், அதில் வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளை மாண்டதையும் அது பாடுகிறது. வீரனைப் புகழும் பாடல்தானே, இதில் போர் எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகவே இந்த வழிகாட்டி.

முதலில் பாடலை நிறுத்தாமல் முழுவதும் கேளுங்கள், அல்லது வாய்விட்டுப் படியுங்கள். மலையாளம் கலந்த சொற்களும் வட்டார வழக்குகளும் தடுக்கும்போது அகராதியைத் தேடி ஓடாமல் குறித்துவைத்துக்கொண்டு மேலே செல்லுங்கள். முதல் வாசிப்பில் கதையின் போக்கு பிடிபட்டால் போதும்.

அடுத்து, எந்த அடியை யார் சொல்கிறார் என்று ஓரத்தில் எழுதிவாருங்கள். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான வேலை, ஏனெனில் கதைப்பாடகர் தம் கருத்தை நேரடியாகச் சொல்வதில்லை. பாத்திரங்களின் வாயில் வைத்துவிடுகிறார். இந்தப் பாடலில் தளபதி களத்துக்குப் புறப்படும் முன் அவனுடைய தாயும் மனைவியும் தாங்கள் கண்ட தீய கனவுகளைச் சொல்லிப் போகவேண்டாம் என்று தடுக்கிறார்கள். அந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்து மெதுவாகப் படியுங்கள். அரண்மனையில் வாய்திறக்க இடமில்லாத பெண்களுக்குக் கனவுதான் வழக்குரைக்கும் வழி: போர் தவறு என்று சொன்னால் அது அரச கட்டளைக்கு எதிரான பேச்சாகிவிடும், கெட்ட கனவு கண்டேன் என்று சொன்னால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே கனவை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுபவர் பாடலின் பாதிப் பொருளை இழக்கிறார்.

அதற்குத் தளபதி சொல்லும் மறுமொழியையும் இதே கவனத்தோடு பாருங்கள். விதித்த சாவைத் தடுக்க யாராலும் முடியாது என்கிறானே தவிர, இந்தப் போர் நியாயமானது என்று வாதாடுவதில்லை. பெண்கள் எழுப்பிய கேள்விக்கு விடை வரவே இல்லை என்பதுதான் என் வாசிப்பில் பாடலின் மிகக் கூர்மையான இடம்.

பிறகு போருக்குப் பின் என்ன பாடப்படுகிறது என்று பாருங்கள். வெட்டுண்ட தலை எதிரியின் கைக்குப் போவதும் அதை மீட்க உண்மையுள்ள பணியாள் ஒருவன் செல்வதும் வெற்றி முழக்கத்தின் நடுவே வரும் துக்கச் செய்திகள். வென்றவர் பெற்றதைவிடத் தோற்றவர் இழந்ததற்கு அதிக அடிகள் ஒதுக்கப்பட்டிருந்தால் பாடலின் சாய்வு எந்தப் பக்கம் என்பது விளங்கிவிடும். இந்த உத்தி நமக்குப் பழையதுதான். தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் புறநானூற்று 112 ஆம் பாடல் வசைச்சொல் ஒன்றும் இல்லாமல், சென்ற மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் அருகருகே வைத்தே தன் குற்றச்சாட்டை முடித்துவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இன்றைய நம் கருத்தைப் பாடலின்மேல் ஏற்றிவிடக் கூடாது. அதே பாடல் வீரத்தையும் கொண்டாடுகிறது, தன் பக்கத்துத் தலைவனை உயர்த்துகிறது. புகழும் புலம்பலும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே போகின்றன. அந்த முட்டலை அப்படியே சொல்லுங்கள், ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்காதீர்கள்.

வாய்மொழியாக வழங்கிய பாடலுக்கு ஒரே பாடம், அதாவது மாறாத ஒரே வடிவம், இருப்பதில்லை. எனவே அச்சில் வந்த ஒரு பதிப்பை மட்டும் நம்பாமல், கிடைத்தால் வேறு பதிப்பையும் ஒப்பிடுங்கள். ஊரில் பாட்டுத் தெரிந்த முதியவர் இருந்தால் பெண்கள் பேசும் பகுதியை அவர் எந்த இராகத்தில், எவ்வளவு நேரம் பாடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பாரி மெட்டில் இழுத்துப் பாடினால் அது உங்கள் வாசிப்புக்கு வலுவான சான்று. இறுதியாக எழுதும்போது, பாடல் சொல்வதை ஒரு பத்தியிலும் அதிலிருந்து நீங்கள் ஊகிப்பதை அடுத்த பத்தியிலும் பிரித்து எழுதுங்கள்.