ரூட் கெனால்: உதடு மரத்தால் பல்லும் மரத்துவிட்டதா?

"உதடு தடிச்சுப்போச்சு சார், ஆனா பல்லத் தொட்டா உயிர் போகுது." கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கும் ஓர் அக்கா, குன்னூரில் என் கிளினிக்கில் சொன்னது இது. உதடு மரத்தது என்றதும் பல்லும் மரத்திருக்கும் என்று நம்பி ரூட் கெனால் செய்ய, அதாவது பல்லுக்குள் இருக்கும் கெட்ட நரம்பை எடுக்க, டிரில்லை எடுத்தது என் தவறு. இன்றும் அது உறுத்துகிறது.

கீழ்க் கடைவாய்ப்பல்லில் இது அடிக்கடி நடக்கும். அழற்சி முற்றிய பல்லின் நரம்பு மரப்பு மருந்துக்கு எளிதில் அடங்காது. பல்லருகே ஊசி போட்டாலும், அங்குள்ள அமிலத்தன்மை மருந்தை நரம்புக்குள் புகவிடாமல் தடுக்கும். அதனால் பல் டாக்டர்களே, பிளாக் ஊசி (தாடையின் பின்பக்கம் போட்டு நரம்பையே மரக்கவைப்பது) போட்டபின் 10 முதல் 15 நிமிடம் பொறுங்கள். பிறகு பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்துப் பல்லில் வைத்துப் பாருங்கள். கூசினால் பல் இன்னும் மரக்கவில்லை.

அடுத்த தவறு, ஆர்ட்டிகெயின் என்ற மரப்பு மருந்து இருந்தால் கவலையே இல்லை என்று நினைப்பது. பிளாக் ஊசியாகப் போட்டால் வழக்கமான மரப்பு மருந்தான 2% லிக்னோகெயினுக்கும் 4% ஆர்ட்டிகெயினுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பிளாக் போதாதபோது கன்னப்பக்க ஈறில் கூடுதலாகப் போடும் ஊசியில்தான் ஆர்ட்டிகெயின் முந்துகிறது. எலும்பை ஊடுருவுவதில் அது கெட்டி. அந்த அக்காவுக்கும் அப்படித்தான் போட்டேன். மறுபடி குளிர் வைத்தபோது, "ஒண்ணும் தெரியல சார்" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் 4% என்றால் ஒரு மில்லிக்கு 40 மில்லிகிராம், லிக்னோகெயினைப் போல இரண்டு மடங்கு. உச்ச அளவு கிலோவுக்கு 7 மில்லிகிராம். 45 கிலோ எடையுள்ளவருக்கு 1.7 மில்லி கார்ட்ரிட்ஜ் (மருந்துக் குப்பி) நாலுதான் எல்லை. ஏற்கெனவே போட்ட லிக்னோகெயினையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதய நோயாளி என்றதும் அட்ரினலின் (மரப்பு நீடிக்கச் சேர்ப்பது) கலக்காத லிக்னோகெயினை எடுப்பவர்கள் உண்டு. அதில் பல் மரத்திருப்பது சில நிமிடம்தான். வலியில் உடம்பே சுரக்கும் அட்ரினலின், ஊசியில் கலந்ததைவிட ஆபத்து. அட்ரினலின் இல்லாமலே சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும் 3% மெபிவகெயின் போடலாம். அல்லது அட்ரினலினை மொத்தம் 0.04 மில்லிகிராமுக்குள் நிறுத்தி, ஊசி ரத்தக்குழாயில் இறங்கவில்லை என்று இழுத்துப் பார்த்து மெதுவாகச் செலுத்தலாம். அப்புறம், ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தால் அது பெரும்பாலும் அட்ரினலின் வேலை. அதை அலர்ஜி என்று சீட்டில் எழுதிவிட்டால், அடுத்த டாக்டர் ஊசி போடவே பயப்படுவார்.

எங்கள் ஊர் மார்கழிக் காலையில் மருந்தே சில்லென்றிருக்கும். அப்படியே ஏற்றினால் எரியும். சற்று நேரம் கைக்குள் வைத்திருந்து போடுங்கள்.

நோயாளிகளுக்கும் ஒன்று. கிராம்பு எண்ணெயை ஊற்றி ஊற்றி ஈறைப் புண்ணாக்கிக்கொண்டு வராதீர்கள். ஒரு மணி நேரம் முன்பே ஐபுபுரோஃபென் என்ற வலி மாத்திரை எடுத்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும். ஆனால் அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

மஞ்சூர் வரை பஸ்ஸில் போக வேண்டியவர்களுக்கு, வழியில் வலிக்காமலிருக்க சிலர் நெடுநேரம் மரக்கவைக்கும் பியூபிவகெயின் போடுவார்கள். உதடு ஐந்து முதல் ஒன்பது மணி நேரம் வரை மரத்திருக்கும். சிறு பிள்ளைகளுக்கு அது வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். பெரியவர்களும் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சுடச்சுட டீ குடித்துவிடாதீர்கள். சூடு தெரியாது, வாய் வெந்துவிடும்.