நடந்தது 45 நிமிடம், எரிந்தது எவ்வளவு? கலோரிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில் மாலையில் திடலைச் சுற்றி நடக்கும் எங்கள் கூட்டத்தில் இப்போது பலர் கையில் ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. நடை முடிந்ததும் எண்ணைக் காட்டிக்கொள்வோம். "எனக்கு 290, உங்களுக்கு எவ்வளவுக்கா?" அப்புறம் நேராக ஒட்டுக்கடை. ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். 290 எரித்தாகிவிட்டது, சாப்பிட்டால் சரியாகப் போய்விடும் என்ற தைரியம். எங்களில் சிலருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அதனால்தான் இந்த எண் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கடிகாரம் இல்லாமலே கணக்குப் போடலாம். சமதரையில் சாதாரண வேகத்தில் நடந்தால், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரைக் கலோரி கூடுதலாகச் செலவாகும். ஓடினால் ஒரு கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 45 நிமிடம் நடந்தால் 3.75 கிலோமீட்டர். அதாவது 130 கலோரி. ரொட்டி சானாய் ஒன்றிலேயே ஏறக்குறைய 300 இருக்கிறது, தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பால் தனி.

130 எப்படி 290 ஆனது? முதல் தவறு, உடல் சும்மா இருந்தாலே செலவழிப்பதையும் சேர்த்து எண்ணுவது. 70 கிலோ உடம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் மணிக்குச் சுமார் 70 கலோரி செலவழிக்கும். 45 நிமிடத்துக்கு 50 கலோரிக்கு மேல். அதையும் நடையின் கணக்கில் சேர்த்தால் 180ஐத் தாண்டும். சில கடிகாரங்கள் 'ஆக்டிவ்', 'டோட்டல்' என்று இரண்டு எண் காட்டும். நடையால் வந்தது முதல் எண்தான்.

மிச்சத்தை ஏற்றிவிடுவது பெரும்பாலும் நம் ஊர் வெயில். புழுக்கத்தில் உடலைக் குளிர்விக்க, இதயம் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்பவேண்டியிருக்கிறது. அதே வேகத்தில் நடந்தாலும் துடிப்பு கூடும். தசைகள் செய்யும் வேலை அந்த அளவுக்குக் கூடுவதில்லை. துடிப்பை வைத்துக் கணக்கிடும் கடிகாரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது, வேகமாக நடந்ததாக எடுத்துக்கொள்ளும். ரத்த அழுத்தத்துக்குத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நேர்மாறாக எண் குறைவாக வரலாம். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரின் கையில் ஏழு வகைக் கருவிகளைக் கட்டிப் பார்த்தார்கள். ஆறு கருவிகள் துடிப்பை 5 விழுக்காட்டுக்குள் சரியாகக் காட்டின. கலோரியிலோ மிகச் சிறந்த கருவிகூட சராசரியாக 27 விழுக்காடு பிசகியது, மிக மோசமானது 93. கருவிகள் அப்புறம் மாறியிருக்கும். ஆனாலும் துடிப்பு சரியாக இருப்பதால் கலோரியும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

அடுத்தது வியர்வை. இதைச் சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு வியர்வை என்றால் உழைப்பு. பால்மரம் வெட்டிவிட்டு வாளியோடு திரும்பிய அம்மாவின் சட்டை நனைந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சட்டை பிழியும்படி நனைந்தால்தான் நடந்த திருப்தி. ஆனால் வியர்வை காட்டுவது உடலின் சூட்டை, கொழுப்பை அல்ல. நடந்தபின் தராசில் ஒரு கிலோ குறைந்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது, ஒரு மாலையில் அது கரையாது. வியர்க்கவேண்டும் என்று பிளாஸ்டிக் சட்டை போட்டு நடப்பவர்கள் தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள். நம் வெயிலில் அது ஆபத்து.

ஜிம்முக்குப் போகிறவர்கள் டிரெட்மில்லில் எடையைப் பதிவுசெய்யாமல் ஓடினால், அது வேறு யாரோ ஒருவரின் எடைக்குக் கணக்குச் சொல்லும். கடிகாரத்திலும் இரண்டு வருடத்துக்கு முந்தைய எடையே கிடக்கும், மாற்றிவிடுங்கள்.

ஏற்றம் மட்டும் நிஜமாகவே கணக்கை மாற்றும். 5 விழுக்காடு ஏற்றத்தில் அதே வேகத்தில் நடந்தால் மொத்தச் செலவு ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். செம்பனைத் தோட்டத்து மேட்டுப் பாதையில் நடப்பவர்களுக்கு இது நல்ல செய்தி, இறக்கத்தில் செலவு குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். டிரெட்மில்லில் ஏற்றம் வைத்துவிட்டுக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நடந்தால் அந்தப் பலன் பெரும்பாலும் போய்விடும்.

கடிகாரத்தைத் தூக்கிப் போடவேண்டாம். போன வாரத்து எண்ணோடு இந்த வாரத்து எண்ணை ஒப்பிட அது உதவும். அக்காவின் எண்ணோடு ஒப்பிடவேண்டாம், அவர் எடை வேறு, கடிகாரமும் வேறு. சாப்பாட்டைத் தீர்மானிக்க அந்த எண்ணை எடுக்கவே எடுக்காதீர்கள். வாரத்தில் ஒரே நாள், காலையில் பசியாறுவதற்கு முன் எடை பாருங்கள், இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். நான்கு வாரத்தில் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிந்துவிடும்.

130 என்றதும் "இவ்வளவுதானா?" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு அக்காவின் முகம் வாடிவிட்டது. சாப்பிட்டபின் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை குறைவாக ஏறும், அது கலோரி எண்ணில் தெரியாது என்று சொன்னேன். இப்போது அவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வீட்டு வாசலில் கால் மணி நேரம் நடக்கிறார், கடிகாரம் கட்டாமல்.