தோட்டப்புற ஆபீஸில் இருந்து தலைநகர் மாடலைத் திறக்க: மெதுவாகும் ரெவிட்டைச் சரிசெய்வது எப்படி?

எங்கள் ஆபீஸ் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு கடைவீட்டு மாடியில். கணினி நான்கு, ஆள் நான்கு. சுற்றிலும் செம்பனை, வேலையும் செம்பனை ஆலைகளுக்குக் குழாயும் இரும்புக் கட்டமைப்பும் வரைவதுதான். தலைமை அலுவலகம் கோலாலம்பூரில், இன்னொரு கிளை ஜொகூர் பாருவில். ரெவிட் என்பது கட்டடத்தையும் குழாயையும் முப்பரிமாணத்தில் வரையும் ஆட்டோடெஸ்க் மென்பொருள்; அதில் வரைந்த ஃபைல்தான் மாடல். மூன்று இடத்துக்காரர்களும் ஒரே ரெவிட் மாடலில் கை வைக்கிறோம். காலையில் ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய் ரொட்டி சானாய் சாப்பிட்டு வந்தாலும் திரையில் அந்த நீலப் பட்டை பாதியில் நிற்கும். அதைச் சரிசெய்த கதையைப் படிப்படியாகச் சொல்கிறேன். ரெவிட்டைத் திறக்கவும் மூடவும் தெரிந்தால் போதும்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

"லைன் சிலோ, பெரிய பேக்கேஜ் போடுவோம்" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். விண்டோஸில் சிஎம்டி என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, தலைமை அலுவலக சர்வரின் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியை, கொடுங்கள். ஒவ்வொரு வரியிலும் எம்எஸ் என்று ஓர் எண் வரும். ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்பதுதான் அது. ஒரே ஆபீஸுக்குள் 1-க்கும் கீழே இருக்கும். எங்களுக்கு விபிஎன் (இன்டர்நெட் வழியே ஆபீஸ்களை இணைக்கும் தனிப்பாதை) வழியாக 18 வந்தது.

18 மில்லி செகண்ட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மளிகைக் கடையில் பட்டியலைக் கொடுத்துவிட்டால் ஒரே நடையில் சாமான் வந்துவிடும். உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று போனால்? விண்டோஸில் தூரத்து ஃபோல்டரைத் திறந்து வேலை செய்வது இந்த இரண்டாவது ரகம். ஒரு கணக்குக்கு 4,000 முறை கேட்டு வாங்குகிறது என்று வையுங்கள்: 18 மில்லி செகண்ட் வீதம் 72 வினாடி. பக்கத்து அறை சர்வரிடம் அரை மில்லி செகண்ட் வீதம் 2 வினாடி. பேக்கேஜை 100 மெகாபிட்டில் இருந்து 500 ஆக்கினாலும் இந்த 72 குறையாது. சாலையை அகலப்படுத்தினால் ஊர் கிட்டே வந்துவிடுமா?

அதற்காக லைன் வேகம் வேண்டவே வேண்டாம் என்றில்லை. 400 மெகாபைட் ஃபைல் 100 மெகாபிட் லைனில் இறங்கக் குறைந்தது 32 வினாடி ஆகும். இரண்டும் வேறு வேறு நோய், அவ்வளவுதான். அளக்கும்போது வைஃபையைக் கழற்றிவிட்டு கேபிள் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: லோக்கல் காப்பி உண்மையிலேயே லோக்கலா?

பொது மாடலுக்கு சென்ட்ரல் என்று பெயர். அதை நேரே திறந்து வரையக்கூடாது. ரெவிட்டுக்குள் ஓப்பன் கொடுத்து, சென்ட்ரல் ஃபைலைத் தேர்ந்தால் கீழே "கிரியேட் நியூ லோக்கல்" என்ற கட்டத்தில் டிக் இருக்கும். அது இருக்கட்டும். நம் கணினியில் ஒரு நகல் உருவாகும். சிங்க் செய்யும்போதும் (நம் மாற்றத்தை அனுப்பி மற்றவர் மாற்றத்தை வாங்குவது), ஒரு பகுதியைத் திருத்த உரிமை வாங்கும்போதும்தான் பெரும்பாலும் சென்ட்ரலோடு பேசும். ஃபோல்டருக்குள் போய் சென்ட்ரல் ஃபைலை டபுள் கிளிக் செய்பவர்களைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

இதில்தான் நாங்கள் மூன்று வாரம் ஏமாந்தோம். எங்கள் தம்பி ஒருவன் எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தான். "அண்ணே, எனக்கு மட்டும் கோடு போட்டாலே திக்குது" என்று புலம்புவான். ஒரு நாள் ஆப்ஷன்ஸில் ஃபைல் லொக்கேஷன்ஸ் பக்கத்தைத் திறந்தேன். "யூசர் ஃபைல்ஸ்" என்ற வரியில் சி டிரைவ் இல்லை, தலைமை அலுவலக சர்வரின் பாதை! அவனுடைய லோக்கல் காப்பி கோலாலம்பூரில் உட்கார்ந்திருந்தது. சி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு அதைக் காட்டினோம், சரியாகிவிட்டது. நீங்களும் ஒவ்வொரு கணினியிலும் இந்த வரியைப் பாருங்கள். நாள்தோறும் புது நகல் எடுங்கள். போன வாரத்து நகலைத் திறந்தால் ஒரு வாரத்து மாற்றத்தையும் அப்போதுதான் இழுக்கும்.

படி 3: மாடலின் தொப்பையைக் குறையுங்கள்

மேனேஜ் டேபில் "பர்ஜ் அன்யூஸ்ட்" கொடுத்து, பயன்படாமல் கிடப்பதை நீக்குங்கள்; பிறகு வார்னிங் பட்டியலைத் திறந்து, ரெவிட் காட்டும் எச்சரிக்கைகளைச் சரிசெய்யுங்கள். ஆட்டோகேட் படங்களை இம்போர்ட் செய்து மாடலுக்குள்ளேயே திணிக்காமல், வெளியே வைத்து லிங்க் செய்யுங்கள். கொதிகலன் சப்ளையர் தரும் படத்தில் ஒவ்வொரு திருகாணியும் வரைந்திருக்கும், அது நமக்கு எதற்கு? திறக்கும்போது வேண்டாத வொர்க்செட்டுகளை (மாடலைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகள்) மூடி வையுங்கள். குழாய் வரைபவருக்குக் கூரை தேவையில்லை.

வாரம் ஒரு முறை, கடைசி ஆளாக சிங்க் செய்பவர், ஃபைலைச் சுருக்கும் "காம்பாக்ட்" கட்டத்தில் டிக் போடட்டும். நேரம் பிடிக்கும், அதனால் வெள்ளி சாயங்காலம் நல்லது. முன்பு இதுவும் தகராறுதான்: ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறை, எங்களுக்குச் சனி, ஞாயிறு. 2025 ஜனவரி 1 முதல் அங்கேயும் சனி, ஞாயிறு ஆனதில் எங்களுக்கு ஒரு தலைவலி குறைந்தது.

படி 4: சிங்க் செய்ய முறை வையுங்கள்

ஒருவர் சிங்க் செய்யும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். மதியம் 12.55-க்கு எல்லாரும் சாப்பிடப் போகுமுன் ஒன்றாக அழுத்தினால் வரிசை நிற்கத்தான் செய்யும். நாங்கள் வாட்ஸ்அப் குழுவில் "சிங்க்" என்று ஒரு சொல், முடிந்ததும் ஒரு கட்டைவிரல். அதற்கு முன் "ரீலோட் லேட்டஸ்ட்" கொடுத்துவிடுங்கள்; மற்றவர்களின் மாற்றம் முதலிலேயே இறங்கிவிடும், சிங்க் சீக்கிரம் முடியும்.

படி 5: இதற்கு மேலும் மெதுவானால்

சென்ட்ரலையோ நம் கணினியையோ வேறு இடத்தில் வைக்க வேண்டியதுதான். ஆனால் சென்ட்ரலை டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் ஃபோல்டரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அவை ஆளுக்கொரு நகலை உருவாக்கி மாடலைக் கெடுத்துவிடும்.

வழி மூன்று. ரெவிட் சர்வர்: ஒரு இடத்தில் சென்ட்ரலை வைத்திருக்கும் ஹோஸ்ட், ஒவ்வொரு ஆபீஸிலும் அதன் நகலைப் பக்கத்தில் வைத்திருக்கும் ஆக்சலரேட்டர் என்று விண்டோஸ் சர்வர் கணினிகள் வேண்டும், பார்த்துக்கொள்ள ஐடி ஆள் இருந்தால் மட்டும் தொடுங்கள். இரண்டாவது, பிம் கொலாபரேட் புரோ: மாடல் ஆட்டோடெஸ்க் கிளவுடில் இருக்கும், மாறிய பகுதி மட்டுமே போய்வரும், தலைக்கு இவ்வளவு என்று சந்தா. மூன்றாவது, கணினியையே கோலாலம்பூரில் சர்வருக்குப் பக்கத்தில் வைத்து, இங்கிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓட்டுவது. படம் மட்டும்தான் தூரம் கடக்கும். ஒன்றிரண்டு பேர் என்றால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். மூன்று ஊர் என்பதால் நாங்கள் இரண்டாவதற்குப் போனோம்.

கிளவுடுக்கு மாறும் நாளில் வரிசை முக்கியம். எல்லாரும் சிங்க் செய்து, மாடலில் தங்கள் பெயரில் பிடித்திருக்கும் பகுதிகளை விட்டுவிட்டு வெளியே வரட்டும். ஒருவர் மட்டும் டிடாச் செய்து (பழைய சென்ட்ரலோடு தொடர்பை அறுத்து), வொர்க்செட்டுகளை அப்படியே வைத்துத் திறந்து, "சேவ் ஆஸ்" வழியாக கிளவுட் மாடலாகச் சேமிக்கட்டும். முடிந்த கையோடு பழைய சென்ட்ரலின் பெயரை மாற்றிவிடுங்கள். நாங்கள் மாற்ற மறந்தோம். மறுநாள் ஜொகூர் ஆள் ஒருவர் பழைய லோக்கலைத் திறந்து, நாள் முழுக்கப் பம்ப் அறையை வரைந்து, பழைய சென்ட்ரலுக்கே சிங்க் செய்துகொண்டிருந்தார். "இன்னைக்கு ரொம்ப வேகமா இருக்கே" என்று குழுவில் வேறு போட்டிருந்தார்.